டாஸ்க்பாரை உங்கள் வேலைக்குத் தக்கபடி அடுக்குவது எப்படி: பில்லிங் டேபிளுக்கான முழு வழிகாட்டி

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனி ஆபீஸுக்குப் போனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பில்லிங் டேபிளில்தான் கூட்டம். வாசலில் டெம்போ லோடாகி நிற்கும். "ஏனுங்க்கா, பில் ஆச்சுங்களா?" என்று டிரைவர் ஏற்கெனவே ரெண்டு தடவை எட்டிப் பார்த்திருப்பார். டேலி என்ற கணக்கு புரோகிராமில் இன்வாய்ஸ் போட்டு, எக்ஸெல்லில் இருக்கும் பேக்கிங் லிஸ்ட்டோடு பீஸ் கணக்கை ஒத்துப் பார்த்து, சரக்கு கொண்டுபோக அரசுத் தளத்தில் எடுக்கும் ஈ-வே பில்லையும் எடுத்து, எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதால் போகும் நேரத்தைவிட, அடுத்த புரோகிராம் எங்கே இருக்கிறது என்று தேடுவதில் போகும் நேரம்தான் அதிகம். டெஸ்க்டாப் நிறைய ஐகான்கள், அதை மறைத்துக்கொண்டு நாலைந்து விண்டோக்கள். ஒவ்வொன்றாகச் சுருக்கி, தேடிப் பிடித்து, டபுள் கிளிக் செய்வதற்குள் டிரைவர் மூன்றாவது தடவை வந்துவிடுவார்.

திரைக்கு அடியில் எந்நேரமும் தெரிகிற பட்டை டாஸ்க்பார்தான். எத்தனை விண்டோ திறந்தாலும் அது மறையாது. அதில் அன்றாட வேலைக்கான புரோகிராம்களை, வேலை நடக்கும் வரிசையிலேயே அடுக்கி, அந்த இடத்தை மாற்றாமல் வைத்துவிட்டால் கண் தேடுகிற வேலை பெரும்பாலும் நின்றுவிடும். கை தானாகப் போகும். இந்த வழிகாட்டியில் எல்லாமே அந்த வரிசைக்காகத்தான். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், காசு செலவில்லை.

முதலில் எந்த விண்டோஸ் என்று பாருங்கள்

கீபோர்டில் விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் 'ரன்' என்ற சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கில எழுத்தில் 'வின்வெர்' (winver) என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 என்றும், 22எச்2, 23எச்2, 24எச்2 போல ஒரு பதிப்பு எண்ணும் தெரியும். கீழே சொல்லப்போகிற சில வசதிகள் இந்த எண்ணைப் பொறுத்துத்தான் கிடைக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. அதனால் நம் பக்கத்து ஆபீஸ்களில் 11-க்கு மாறுகிற வேலை நடந்துகொண்டே இருக்கிறது. மாறியவர்கள் முதலில் சொல்லும் குறை, "ஐகானெல்லாம் நடுவுல போயிருச்சுங்க" என்பதுதான். அதை முதல் வேலையாகச் சரிசெய்துவிடலாம்.

டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போங்கள். கடைசியில் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்ற பகுதி இருக்கும். அதைத் திறந்து 'டாஸ்க்பார் அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' ஆக்குங்கள். இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. ஐகான்கள் நடுவில் இருந்தால், பின் செய்யாத, அதாவது டாஸ்க்பாரில் நிரந்தரமாக நிறுத்தாத, புது புரோகிராம் ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் மொத்த வரிசையும் கொஞ்சம் இடதுபக்கம் நகரும், மூடினால் திரும்பி வரும். காலையில் டேலி இருந்த இடத்தில் மத்தியானம் எக்ஸெல் இருக்கும். இடது ஓரத்தில் நிறுத்திவிட்டால் முதல் ஐகான் எப்போதும் முதல் இடத்திலேயே நிற்கும்.

வேண்டாததை வெளியே எடுங்கள்

அதே செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே தேடல் பெட்டி, 'டாஸ்க் வியூ', 'விட்ஜெட்ஸ்' போன்றவற்றுக்கு ஆன், ஆஃப் பொத்தான்கள் இருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இவை மூன்றுமே வேண்டாம். தேடல் பெட்டி அகலமாக இடத்தை அடைத்துக்கொள்கிறது. அது இல்லாமலேயே விண்டோஸ் கீயைத் தட்டிவிட்டு நேராக எழுத்தை அடித்தால் தேடல் ஆரம்பித்துவிடும். விட்ஜெட்ஸ் வானிலையும் செய்தியும் காட்டும். மவுஸ் தெரியாமல் அதன்மேல் போனாலே பாதித் திரையை மறைத்துக்கொண்டு விரியும்.

அப்புறம், கம்ப்யூட்டர் வாங்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்த ஐகான்கள். ஸ்டோர், டிரையல் ஆன்டிவைரஸ், கம்ப்யூட்டர் கம்பெனியின் சொந்த புரோகிராம்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து 'அன்பின் ஃப்ரம் டாஸ்க்பார்' கொடுங்கள். இதனால் புரோகிராம் அழிந்துவிடாது. கீழே நிற்கும் ஐகான் மட்டும்தான் போகும், புரோகிராம் ஸ்டார்ட் மெனுவில் பத்திரமாக இருக்கும். தயங்க வேண்டாம், பட்டை காலியாகும்வரை எடுங்கள்.

வரிசையைப் பேப்பரில் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மவுஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில், உங்கள் மேஜையில் ஒரு வேலை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எழுதுங்கள்.

ஜாப் ஒர்க் அனுப்புகிற பனியன் கம்பெனி என்றால் ஆர்டர் ஷீட் எக்ஸெல்லில் ஆரம்பிக்கும். அதைப் பார்த்து டேலியில் டெலிவரி சலான் அல்லது இன்வாய்ஸ். அடுத்து ஈ-வே பில் போர்ட்டல். பிறகு பிடிஎஃப் சேமித்த ஃபோல்டர், கடைசியில் வாட்ஸ்அப். இதில் ஈ-வே பில் எல்லா லோடுக்கும் வராது. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்குக்கு மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் தேவை, வெளிமாநிலம் என்றால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும், அதுவும் ஜாப் ஒர்க்குக்கு வெளிமாநிலம் போகிற சரக்கு என்றால் மதிப்பு எவ்வளவானாலும் வேண்டும். ஆகவே உள்ளூரிலேயே நிட்டிங், காம்பேக்டிங் என்று சின்னச் சின்ன லோடுகள் மட்டும் அனுப்புகிறவர்களுக்கு போர்ட்டல் ஐகான் முன்வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

நாமக்கல்லில் முட்டை வியாபாரம் பார்க்கிற ஆபீஸில் காலை வேலை முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசி அறிவிக்கும் விலையைப் பார்ப்பதில் ஆரம்பிக்கும். அங்கே முதல் இடம் பிரவுசருக்கு. சங்ககிரியில் லாரி ஆபீஸ் என்றால் ஜிபிஎஸ் டிராக்கிங், ஃபாஸ்டேக் கணக்கு, வண்டி பேப்பர்களுக்கான பரிவாகன் தளம் என்று வரிசையே வேறு. பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் போடுபவருக்கு கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான் முன்னால். அடுத்த டேபிளில் இருப்பவரின் டாஸ்க்பாரை அப்படியே காப்பியடித்தால் உதவாது.

சீட்டில் பத்துக்கு மேல் போகாதீர்கள். ஏன் பத்து என்பது கொஞ்சம் கீழே வருகிறது. மாதம் ஒரு தடவை தொடுகிற புரோகிராமுக்கு இங்கே இடமில்லை. பிஎஃப், இஎஸ்ஐ கட்டுகிற தளமெல்லாம் பிரவுசரின் புக்மார்க்கில் இருந்தால் போதும்.

பின் செய்வது

எளிய வழி இது: புரோகிராமைத் திறங்கள், டாஸ்க்பாரில் அதன் ஐகான் தெரியும், அதை ரைட் கிளிக் செய்து 'பின் டு டாஸ்க்பார்' கொடுங்கள். மூடினாலும் இனி ஐகான் அங்கேயே நிற்கும்.

திறக்காமலே செய்ய வேண்டுமென்றால் விண்டோஸ் கீயைத் தட்டி, பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து, வருகிற பட்டியலில் ரைட் கிளிக் செய்தால் அதே வரி இருக்கும். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டிலிருந்தும் செய்யலாம். விண்டோஸ் 11-ல் ரைட் கிளிக் மெனுவில் அந்த வரி தென்படாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள். அல்லது ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய நீளமான மெனுவே நேராக வந்துவிடும். ஐகானை இழுத்து டாஸ்க்பாரில் விடுகிற வசதி விண்டோஸ் 11 வந்த புதிதில் இல்லை. 22எச்2 பதிப்பிலிருந்து திரும்ப வந்துவிட்டது.

எல்லாம் வந்தபின், சீட்டில் எழுதிய வரிசைப்படி ஐகான்களைப் பிடித்து இடம் வலமாக நகர்த்துங்கள். விண்டோஸ் 10-ல் 'லாக் த டாஸ்க்பார்' போட்டிருந்தாலும் ஐகான்கள் நகரும், அந்தப் பூட்டு பட்டைக்கு மட்டும்தான்.

எண் கீ: பத்து இடத்தின் ரகசியம்

விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு 1 அழுத்தினால் இடது ஓரத்திலிருந்து முதல் பின் திறக்கும். 2 என்றால் இரண்டாவது. இப்படி 9 வரை, பத்தாவதுக்கு 0. ஸ்டார்ட் பொத்தானும் தேடல், டாஸ்க் வியூ பொத்தான்களும் இந்த எண்ணிக்கையில் சேராது. பத்துக்குள் நிறுத்தச் சொன்னது இதனால்தான். பதினோராவது ஐகானுக்கு எண் கிடையாது, மவுஸைத்தான் தேட வேண்டும்.

பில்லிங் டேபிளில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். டேலியில் கை கீபோர்டிலேயே பழகியிருக்கும். வவுச்சர் போடும்போது யாரும் மவுஸைத் தொடுவதில்லை. அதிலிருந்து எக்ஸெல்லுக்குப் போக மட்டும் மவுஸைத் தேட வேண்டியிருந்தது. ஆர்டர் ஷீட் இருக்கும் எக்ஸெல்லை முதல் இடத்திலும் டேலியை இரண்டாவது இடத்திலும் வைத்தால், விண்டோஸ் 1, விண்டோஸ் 2 என்று கையை எடுக்காமலே மாறி மாறிப் போகலாம். புரோகிராம் ஏற்கெனவே திறந்திருந்தால் அதே விண்டோ முன்னால் வரும், புதிதாகத் திறக்காது. நாலு எக்ஸெல் கோப்பு திறந்திருந்தால், விண்டோஸ் கீயை விடாமல் எண்ணை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டுங்கள், ஒவ்வொன்றாக வரும்.

கூடவே இன்னும் சில சேர்க்கைகள் உண்டு. ஷிஃப்ட்டையும் சேர்த்து விண்டோஸ் கீயும் எண்ணும் அழுத்தினால் அந்த புரோகிராமின் இன்னொரு புது விண்டோ திறக்கும். மவுஸில் செய்வதென்றால் ஐகான்மேல் ஷிஃப்ட் கிளிக், அல்லது நடுச் சக்கரத்தை ஒரு அழுத்து. ஆல்ட்டைச் சேர்த்தால் அந்த ஐகானின் ரைட் கிளிக் பட்டியல் வரும். இது எங்கே உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ஒரு வாரம் எண் மறந்து போகும். மானிட்டரின் அடி விளிம்பில், ஐகான்களுக்கு நேர் கீழே 1, 2, 3 என்று எழுதிய ஒட்டுத் தாள் ஒட்டுங்கள். பார்க்காமலே விரல் போக ஆரம்பித்ததும் கிழித்துவிடலாம்.

ஒரு ஃபோல்டருக்குத் தனி ஐகான்

ஃபோல்டரை நேராக இழுத்து டாஸ்க்பாரில் விட்டால் அது தனி ஐகானாக நிற்காது. மஞ்சள் நிற ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஐகானின் ரைட் கிளிக் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சில பேருக்கு அதுவே போதும். ஆனால் தினமும் ஐம்பது தடவை திறக்கிற பில் ஃபோல்டர் கண்ணெதிரே தனியாக நிற்க வேண்டும். அதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது.

முதலில் அந்த ஃபோல்டரை ஷிஃப்ட் பிடித்து ரைட் கிளிக் செய்து 'காப்பி ஆஸ் பாத்' கொடுங்கள். ஃபோல்டரின் முழு முகவரியும் இரட்டை மேற்கோள் குறியோடு சேர்ந்து காப்பியாகும். பிறகு டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக், 'நியூ', 'ஷார்ட்கட்'. இடம் கேட்கிற பெட்டியில் 'எக்ஸ்ப்ளோரர்' (explorer) என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, காப்பி செய்ததை பேஸ்ட் செய்யுங்கள். அந்த இடைவெளி விட்டுப்போனால் வேலை செய்யாது. 'நெக்ஸ்ட்' கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். பெயர் தமிழிலேயே இருக்கலாம். 'பில் 2026-27' என்று வைத்தால், மவுஸை ஐகான்மேல் நிறுத்தும்போது அதுவே எழுந்து காட்டும்.

இதை இப்போதே பின் செய்துவிடாதீர்கள். முதலில் ஐகானை மாற்ற வேண்டும். பின் செய்யும்போது விண்டோஸ் அந்த ஷார்ட்கட்டின் ஒரு நகலை எடுத்துத் தனியாக வைத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பில் இருப்பதை அதற்கப்புறம் மாற்றினால் டாஸ்க்பாரில் இருப்பது மாறாது. அதே காரணத்தால், பின் செய்து முடித்தபின் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டைத் தாராளமாக அழித்துவிடலாம்.

ஐகானை மாற்றுவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். நம் ஊர்த் தொழிலில் ஒரே மேஜையில் இரண்டு கணக்கு ஓடுவது சகஜம். அப்பா பெயரில் ஒரு கன்சர்ன், மகன் பெயரில் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி ஜிஎஸ்டி எண், தனித்தனி பில் ஃபோல்டர். மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்தால் போன வருஷ ஃபோல்டர், இந்த வருஷ ஃபோல்டர் என்று அதுவும் இரண்டிரண்டாகும். நான்கும் ஒரே மஞ்சள் நிறத்தில் நின்றால், அவசரத்தில் ஒரு கன்சர்னின் பில்லை இன்னொரு ஃபோல்டரில் சேமிப்பது நடக்கத்தான் செய்யும். பின்னால் ஆடிட்டர் கேட்கும்போது அதைத் தேடுவது பெரும்பாடு. ஐகான் வேறாக இருந்தால் கண்ணே தடுத்துவிடும்.

ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'ஷார்ட்கட்' என்ற தாவல், கீழே 'சேஞ்ச் ஐகான்'. திறக்கிற பெட்டியில் சில படங்கள் இருக்கும். அவை பிடிக்காவிட்டால் 'பிரௌஸ்' கொடுத்து, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32-க்குப் போய் 'ஷெல்32' அல்லது 'இமேஜ்ரெஸ்' என்ற டிஎல்எல் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் சொந்தப் படங்கள் வரிசையாக விரியும்: பூட்டு, கொடி, நட்சத்திரம், பிரிண்டர், பூகோளம் என்று நிறைய. அவசரத்துக்கு இவையே போதும்.

ஆனால் சொந்தமாகச் செய்த ஐகானுக்கு ஈடில்லை. கிம்ப் என்ற இலவச புரோகிராமில் செய்யலாம். 256-க்கு 256 பிக்சலில் புதுப் படம் திறந்து, பின்னணியை ஒளி ஊடுருவுகிற மாதிரி விட்டு, ஒரே நிறத்தில் கெட்டியான வட்டம் அல்லது சதுரம் வரைந்து, அதன்மேல் வெள்ளையில் ஒரே ஒரு எழுத்தைத் தடிமனாகப் போடுங்கள். 'எக்ஸ்போர்ட்' செய்யும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஐசிஓ என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் ஐகான் கோப்பாகவே சேமிக்கும். ஏற்கெனவே கையில் லோகோ படம் இருந்தால் இர்ஃபான்வியூ என்ற சின்ன புரோகிராமும் அதே வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும்.

டாஸ்க்பாரில் அந்தப் படம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அதனால் கம்பெனி லோகோவை முழுசாகப் போட்டால் கலங்கல்தான். ஒரு எழுத்து, ஒரு நிறம், அவ்வளவுதான். தமிழ் எழுத்தே போடலாம், ஆனால் எல்லா எழுத்தும் அந்த அளவில் எடுபடாது. ட, ப, ம, ய போல நேர்க்கோடுகள் உள்ளவை பளிச்சென்று தெரியும். ஞ, ணை, ஜு போன்றவை சுழி மேல் சுழியாக ஒட்டிக்கொண்டு ஒரு புள்ளிபோல ஆகிவிடும். டாஸ்க்பார் கறுப்பு நிறத்தில் இருந்தால் கருநீலமும் கரும்பச்சையும் வேண்டாம், அப்படியே கரைந்துபோகும். ஆரஞ்சு, வெளிர் நீலம், இளம் பச்சை நன்றாக எடுப்பாக நிற்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்கள் ஆபீஸில் இருக்கலாம். அதனால் நிறத்தோடு எழுத்தும் மாறட்டும்.

வருஷத்துக்கு ஒரு நிறம் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் நல்லது. ஏப்ரல் 1-ஆம் தேதி புது பில் நம்பர் ஆரம்பிக்கும் அன்றே புது ஃபோல்டர், புது நிற ஐகான். பழையதை உடனே அன்பின் செய்துவிடாதீர்கள். மார்ச் மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையே ஏப்ரல் 20 வரை இழுக்கும். அதற்கப்புறம் எடுத்தால் போதும்.

ஐகான் கோப்புகளை சி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே நிரந்தரமாக வையுங்கள். பென்டிரைவிலோ டவுன்லோட்ஸிலோ இருந்தால், அது கழன்றோ அழிந்தோ போன அன்றைக்கு டாஸ்க்பாரில் வெள்ளைத் தாள்தான் நிற்கும்.

ஏற்கெனவே பின் செய்த புரோகிராமின் ஐகானை மாற்ற, டாஸ்க்பாரில் அதை ரைட் கிளிக் செய்து, வருகிற பட்டியலில் அந்த புரோகிராமின் பெயரை மறுபடி ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போகலாம். ஸ்டோரிலிருந்து இறக்கிய ஆப்களுக்கு, வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு, இந்த வழி இல்லை.

அரசுத் தளங்களும் இரண்டு லாகினும்

எட்ஜ் பிரவுசரில் தளத்தைத் திறந்துவைத்து, வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியில் 'மோர் டூல்ஸ்' போனால் 'பின் டு டாஸ்க்பார்' இருக்கும். குரோமில் மூன்று புள்ளி, 'காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்', அதில் 'இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்'. இப்படி வைத்த தளம் தனி விண்டோவாகவே திறக்கும், முப்பது டேப்களுக்கு நடுவே தேட வேண்டாம்.

இதில் நேரத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஈ-வே பில் என்று தேடலில் அடித்து முதலில் வருவதை கிளிக் செய்கிற பழக்கம் ஆபத்தானது, மேலே விளம்பரமாகப் போலித் தளமும் வரலாம். ஒரு முறை முகவரியின் கடைசி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என உறுதிசெய்து பின் செய்துவிட்டால், அப்புறம் தேடவே வேண்டியதில்லை. பேங்க் தளத்தையும், முகவரி அந்த பேங்கின் சொந்த முகவரிதானா என்று பார்த்து, இப்படியே பின் செய்யுங்கள். ஆனால் பல பேர் உட்காருகிற கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்க விடாதீர்கள்.

இரண்டு ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த தொல்லை, ஒன்றில் லாகின் செய்தால் இன்னொன்று வெளியே போய்விடும். இதற்கு பிரவுசர் புரொஃபைல்தான் வழி. குரோமிலோ எட்ஜிலோ மேலே இருக்கும் உங்கள் வட்டப் படத்தை கிளிக் செய்து புது புரொஃபைல் ஒன்று சேருங்கள். கன்சர்ன் பெயரையே வைத்து, நிறத்தையும் படத்தையும் வேறாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு புரொஃபைலின் லாகின் இன்னொன்றுக்குத் தெரியாது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கலாம். டாஸ்க்பாரிலும் ஒவ்வொன்றும் ஓரத்தில் தன் சின்னப் படத்தோடு தனி ஐகானாக வரும். திறந்திருக்கும்போதே ரைட் கிளிக் செய்து பின் செய்துவிடுங்கள். அந்தந்த கன்சர்னின் பில் ஃபோல்டரை அதற்குப் பக்கத்திலேயே, அதே நிறத்தில் வைத்தால் ஜோடி சரியாக அமையும்.

கோப்பை நேராகத் திறப்பது

எக்ஸெல் ஐகானை ரைட் கிளிக் செய்தால் சமீபத்தில் திறந்த கோப்புகள் வரிசையாக வரும். இதற்கு ஜம்ப் லிஸ்ட் என்று பெயர். ஆர்டர் ஷீட், ரேட் லிஸ்ட் போல நிரந்தரமாக வேண்டிய கோப்பின் பெயர்மேல் மவுஸை வைத்தால் வலது ஓரத்தில் ஒரு ஊசிக் குறி தெரியும். அதை அழுத்தினால் அந்தக் கோப்பு மேலேயே நிற்கும், மற்றவை வந்து போகும். ஆல்ட் சேர்த்து எண் அழுத்தினால் வருகிற பட்டியல் இதுதான். அம்புக்குறியால் இறங்கி என்டர் தட்டினால் கோப்பு திறந்துவிடும், மவுஸே வேண்டாம்.

பட்டியல் காலியாக இருந்தால் செட்டிங்ஸில் 'பர்சனலைசேஷன்', 'ஸ்டார்ட்' போய், சமீபத்தில் திறந்தவற்றை ஜம்ப் லிஸ்ட்டில் காட்டச் சொல்லும் பொத்தானை ஆன் செய்யுங்கள்.

கோப்புகளின் பெயர் டாஸ்க்பாரிலேயே தெரிய வேண்டும் என்பவர்களுக்கு 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் 'கம்பைன்' என்று ஒரு தேர்வு உண்டு. விண்டோஸ் 10-ல் எப்போதும் இருந்தது, 11-ல் 23எச்2 பதிப்பிலிருந்து இருக்கிறது. 'வென் டாஸ்க்பார் ஈஸ் ஃபுல்' என்று வைப்பது நடுத்தரமான வழி.

வலது மூலை

கடிகாரத்துக்குப் பக்கத்தில் குவிகிற சின்ன ஐகான்களை 'அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்' என்ற பகுதியில் அடக்கலாம். கேமரா, பேக்கப், ஆன்டிவைரஸ் இருந்தால் போதும், மற்றதை அம்புக்குறிக்குள் தள்ளிவிடுங்கள். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்குகிற எனிடெஸ்க் போன்றவை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் வெளியே தெரியட்டும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது கண்ணில் பட வேண்டும்.

வாட்ஸ்அப் ஐகானில் ஏறிக்கொண்டே போகும் எண் கவனத்தைக் கலைக்கிறது என்றால், 'பேட்ஜஸ்' காட்டுவதையும் ஐகான் மின்னுவதையும் அதே 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் நிறுத்தலாம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் மொழிக் குறியை மூலையில் தெரியும்படி வையுங்கள். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறும். தமிழில் இருக்கிறது என்று தெரியாமல் பில் நம்பர் அடிக்கிற சங்கடம் தவிரும்.

இரண்டு ஷிஃப்ட், ஒரே கம்ப்யூட்டர்

நூல் மில்லிலும் நிட்டிங் யூனிட்டிலும் பகலில் ஒருவர், ராத்திரியில் ஒருவர் என்று ஒரே மேஜையில் உட்காருவார்கள். ஒருவர் அடுக்கியதை இன்னொருவர் கலைத்தால் இரண்டு பேருக்கும் எண் பழகாது. பின் செய்தவை விண்டோஸ் யூசருக்கு யூசர் தனி. 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்' போய் ஆளுக்கொரு யூசர் போட்டுக் கொடுங்கள். கணக்கும் கோப்புகளும் பொதுவான டிரைவில் இருக்கட்டும், டாஸ்க்பார் மட்டும் அவரவருடையது.

ஐகான் கெட்டுப்போனால்

ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் தெரிந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணம்: ஐகான் கோப்பு இடம் மாறியிருக்கும், புரோகிராம் வேறு ஃபோல்டருக்குப் போயிருக்கும், அல்லது விண்டோஸ் பழைய படத்தையே நினைவில் வைத்திருக்கும். மூன்றாவதை முதலில் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். திரை ஒரு நொடி காலியாகி, டாஸ்க்பார் மறைந்து திரும்ப வரும், பயப்பட வேண்டாம். திறந்திருக்கும் டேலியும் எக்ஸெல்லும் அப்படியே இருக்கும், ஃபோல்டர் விண்டோக்கள் மட்டும் மூடிவிடும். அதிலும் சரியாகாவிட்டால் அன்பின் செய்து மறுபடி பின் செய்யுங்கள். டேலியைப் புதுப் பதிப்புக்கு மாற்றும்போது வேறு ஃபோல்டரில் போட்டால், பழைய பின் பழைய பதிப்பையே திறக்கும். அப்போதும் இதே வைத்தியம்தான்.

விண்டோஸ் 10-ல் டாஸ்க்பாரில் ஃபோல்டர் டூல்பார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வசதி 11-ல் எடுக்கப்பட்டுவிட்டது. மேலே சொன்ன எக்ஸ்ப்ளோரர் ஷார்ட்கட்தான் அதற்கு மாற்று.

கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தால் இந்த அடுக்கு மொத்தமும் போய்விடும். ஷார்ட்கட்டுகள் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வில் இருக்கின்றன. போகிற வழியில் 'குவிக் லாஞ்ச்' என்ற பெயர் வரும். விண்டோஸ் 98 காலத்துப் பெயர், இன்னும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் காப்பி எடுத்தால் வரிசை திரும்ப வராது, வரிசை, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தனியாக இருக்கிறது. அதைத் தோண்டுவதைவிட, எல்லாம் அடுக்கி முடித்ததும் விண்டோஸ் கீயோடு பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தி ஒரு படம் எடுத்து, ஐகான் ஃபோல்டரோடு சேர்த்து டேலி பேக்கப் எடுக்கிற ஹார்டு டிஸ்கிலேயே போட்டுவையுங்கள். சர்வீஸ் ஆள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தப் படத்தைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் மறுபடி அடுக்கிவிடலாம்.